மலேசியாவில் எல்லோரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்களா?

அடுத்த மாதம் பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேரப்போகும் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் நாடு என்று காணொளிகளில் பார்த்தாராம். அது நிஜமா, அன்றாடம் என்னதான் சாப்பிடுவார்கள், கூட வேலை செய்பவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது, சுத்த சைவமான அம்மா வந்து தங்கினால் சமாளிக்க முடியுமா என்பவை அவர் கேள்விகள். நான் பேராக்கில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்து, பினாங்கில் பல வருடம் வேலை பார்த்து, இப்போது கிள்ளானில் இருப்பவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரே மேசை நிஜம்தான். ஆனால் அந்த மேசையை எல்லாக் கடையிலும் பார்க்க முடியாது. காணொளி எடுப்பவர்கள் மேசையைக் காட்டுவார்கள், அது எந்தக் கடை என்று சொல்லமாட்டார்கள். என்னைக் கேட்டால், இங்கே யாரும் தங்கள் விலக்குகளை விட்டுக்கொடுத்து ஒன்றுசேரவில்லை. அடுத்தவர் எதைத் தொடமாட்டார் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. அதை மனத்தில் வைத்துத்தான் யாரோடு எங்கே சாப்பிடுவது என்று முடிவாகிறது. சின்னப் பிள்ளைகூட அதைத் தெரிந்து வைத்திருக்கும்.

முதலில் ஆள் கணக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 3 கோடியே 24 லட்சம் பேர். குடிமக்களில் மலாய்க்காரரும் பிற பூமிபுத்ராக்களும் (மண்ணின் மைந்தர்களும்) சேர்ந்து 69 விழுக்காடு, சீனர் 23, இந்தியர் 7-க்குச் சற்றுக் குறைவு. மொத்தத்தில் முஸ்லிம்கள் 63 விழுக்காட்டுக்கு மேல். அவர்களுக்குப் பன்றி இறைச்சியும் மதுவும் ஆகாது. கோழியாக இருந்தாலும் ஹலால் முறையில் அறுத்திருக்க வேண்டும். இந்துக்களில் பெரும்பாலோர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். சீனர்கள் எல்லாம் சாப்பிடுவார்கள் என்று ஊரில் நினைப்போம். அதுவும் சரியில்லை. குவான் யின் அம்மனைக் கும்பிடும் சீனர்களில் நிறையப் பேர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கும் உங்கள் சீன மேலாளருக்கும் ஒத்துப்போனால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதெல்லாம் கழித்தால் மிச்சம் என்ன? கோழி, மீன், முட்டை. அதனால்தான் அலுவலக விருந்து, பள்ளி விழா, விமானச் சாப்பாடு என்று எங்கே போனாலும் கோழி. உள்ளூரில் பற்றாக்குறையும் விலையேற்றமும் வந்தபோது 2022 ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது. சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் கூச்சமில்லாமல் உட்காரும் கடை என்றால் அது மாமாக் கடைதான். தமிழ் முஸ்லிம்கள் நடத்துவது. ராமநாதபுரம், கடையநல்லூர் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஹலால் என்பதால் மலாய்க்காரர் வருவார். விலை கட்டுப்படி, ராத்திரி இரண்டு மணிக்கும் திறந்திருக்கும் என்பதால் சீனர் வருவார். தமிழில் சொன்னால் புரியும், மாட்டுக்கறி வேண்டாம் என்றால் வேறு கறி காட்டுவார்கள் என்பதால் நாம் போவோம். பெரிய திரையில் பந்து விளையாட்டு ஓடும். ஒரு தே தாரிக் (ஆற்றி நுரைக்கவைத்த பால் தேநீர்) சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் முறைக்கமாட்டார்கள். 2019 ஜனவரியிலிருந்து உணவகங்களில் புகைபிடிக்கத் தடை வந்ததும், சிகரெட்காரர்கள் மட்டும் சாலையோரம் தள்ளி நின்று பேச்சில் கலந்துகொள்கிறார்கள்.

நீங்கள் போகும் பினாங்குதான் நாசி கண்டாருக்குத் தாய்வீடு. அந்தக் காலத்தில் தோளில் ஒரு கழி, அதன் இரண்டு முனையிலும் சோறும் குழம்பும் தொங்க, துறைமுகத் தொழிலாளிகளுக்கு நடந்தே விற்ற சாப்பாடு. பிறகு காப்பிக் கடை ஓரங்களில் ஒதுங்கி, அப்புறம் சொந்தக் கடையாக வளர்ந்தது. ஜார்ஜ்டவுன் கேம்பல் வீதியில் ஹமீதியா 1907-லிருந்து நடக்கிறது. இன்றைக்கும் வரிசை வாசலைத் தாண்டித்தான் நிற்கும்.

முதல் தடவை போகும்போது பதற்றமாக இருக்கும், அதனால் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். வரிசை நகர்ந்து உங்கள் முறை வரும்போது, தட்டில் சோறு ஏற்கெனவே விழுந்திருக்கும். கறிச்சட்டிகள் வரிசையாக இருக்கும்: பொரித்த கோழி, மீன் தலை, கணவாய், மீன்முட்டை, இறால், வெண்டைக்காய், பாகற்காய். விரலைக் காட்டினால் போதும். கத்தரிக்கோலால் கோழியை நறுக்கித் தட்டில் போடுவார். அடுத்து குழம்பு. இங்கேதான் சூட்சுமம். ஒரு குழம்போடு நிறுத்தாமல், கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் அரைக் கரண்டி, கருப்பாகக் கெட்டியாக இருக்கும் இன்னொன்றில் கொஞ்சம் என்று வெவ்வேறு சட்டியிலிருந்து ஊற்றி ஒன்றாகக் கலக்கவிடுவார்கள். ‘பஞ்சிர்’ என்றால் வெள்ளம். அப்படிக் கேட்டால் சோறு மூழ்கும் வரை ஊற்றுவார்கள். ஊரில் சாம்பாரையும் காரக்குழம்பையும் ஒன்றாகக் கலந்தால் பெரியவர்கள் திட்டுவார்கள். இங்கே கலக்காமல் சாப்பிட்டால் அது நாசி கண்டாரே இல்லை. விலையைக் கடைசியில்தான் சொல்வார்கள். பெரிய இறாலும் மீன்முட்டையும் கணவாயும் மாதக் கடைசியில் கை வைக்க வேண்டியவை அல்ல. ‘அண்ணே, இது எவ்வளவு?’ என்று முன்னாலேயே கேட்பதில் வெட்கம் வேண்டாம். உள்ளூர்க்காரர்களே கேட்பார்கள்.

‘அண்ணே’ என்று சொன்னேனே, மாமாக் கடையில் அப்படிக் கூப்பிடத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சீனப் பெண்ணும் ‘அண்ணே, தே ஓ ஐஸ்’ என்பாள். மலாய் இளைஞனும் அண்ணே என்பான், இல்லையென்றால் ‘பாஸ்’. அந்த அண்ணன் பதிலுக்கு மலாய்ப் பையனை ‘அடிக்’ (தம்பி) என்பார், சீனரை ‘தவுக்கே’ (முதலாளி) என்பார், கொஞ்சம் வயதான அம்மாக்கள் எந்த இனமானாலும் ‘ஆண்டி’. நண்பர்களுக்குள் ‘மச்சா’ எல்லா இனத்துக்கும் பொது. நீங்கள் மட்டும் மேலாளரை மச்சா என்று கூப்பிட்டுவிடாதீர்கள்.

தண்ணி சொல்வது தனிப் பாடம். ‘தே’ என்றால் இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். ‘தே ஓ’ பால் இல்லாதது, ஆனால் சீனி உண்டு. ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத டின் பாலும் தனியாகச் சீனியும். ‘கோசோங்’ சேர்த்தால் சீனியே இல்லை. ‘கூராங் மானிஸ்’ என்றால் இனிப்புக் குறைவாக. ‘கௌ’ என்றால் திடமாக. காப்பிக்கும் இதே கணக்குதான். ‘தே ஹாலியா’ இஞ்சித் தேநீர். இந்த ‘கூராங் மானிஸ்’ என்பதை முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 2023-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரர். தே தாரிக் ஆற்றும் அழகைப் பார்த்துக்கொண்டே நாளைக்கு மூன்று கிளாஸ் குடித்தால் ஒரு வருடத்தில் நீங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம்.

இப்போது மீ கோரேங், அதாவது பிரட்டிய நூடுல்ஸ் விஷயம். இந்த நாட்டில் உணவு எப்படிக் கலந்தது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு தட்டு போதும். மஞ்சள் மீ சீனருடையது, அநேகமாகச் சீனர் ஆலையிலிருந்துதான் காலையில் கடைக்கு வரும். வாணலி சீன வாணலி. அதில் மாமாக் சமையல்காரர் எண்ணெய் ஊற்றி, அரைத்த காய்ந்த மிளகாய் விழுதைப் போட்டுக் கமறவிடுவார். வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டு, பொரித்த தவ்ஃபு என்கிற சோயாக் கட்டி, மாவில் தோய்த்துப் பொரித்த வடை போன்ற ஒன்றின் துண்டுகள், கீரை, தவ்கே என்கிற முளைப்பயறு. கிச்சாப் என்கிற சோயா சாறு ஊற்றி, தக்காளிச் சாறு ஊற்றி, மீயைக் கொட்டி, ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு முட்டையை உடைத்துப் போட்டு, பெரிய தீயில் இரண்டே நிமிடம். தட்டில் வைத்து அரை எலுமிச்சை. அதைப் பிழிந்த பிறகுதான் ருசி எழும்பும். இந்தப் பண்டம் சீனாவில் கிடையாது, ராமநாதபுரத்திலும் கிடையாது. யாரும் இன ஒற்றுமைக்காக இதைக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரனின் மீ மலிவாகக் கிடைத்தது, வருகிறவன் எல்லா இனத்தவனாகவும் இருந்தான், வியாபாரம் நடக்க வேண்டும். அவ்வளவுதான். மேடைப் பேச்சைவிட வியாபாரத்துக்குத்தான் இங்கே அதிகம் கடன்பட்டிருக்கிறோம் என்பது என் கட்சி.

ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் தம்பி. இன்னும் மெல்லிசு, இன்னும் மொறுமொறுப்பு. சால்னாவுக்குப் பதில் பருப்பும் மீன் குழம்பும். காலையில் பசியாற இரண்டு ரொட்டி, ஒரு தே என்று ஐந்தாறு வெள்ளிக்குள் முடிந்துவிடும் (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்). நாசி லெமாக் மலாய்க்காரர் உணவு. தேங்காய்ப்பாலும் பாண்டான் என்கிற வாசனை இலையும் போட்டு வேகவைத்த சோறு, நெத்திலிச் சம்பால் என்கிற மிளகாய்த் தொக்கு, வேர்க்கடலை, வெள்ளரி, முட்டை. வாழை இலையில் கட்டிய சின்னப் பொட்டலத்தைச் சாலையோரத்து அக்காவிடம் வாங்குங்கள். கண்ணாடிக் கடைகளில் பொரித்த கோழியோடு பதினைந்து வெள்ளிக்கு விற்பது வேறு சங்கதி. 2024 டிசம்பரில் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றையும் சொல்லியே, யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூர் தன் உணவங்காடிப் பண்பாட்டுக்காக 2020-லேயே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டதால், இந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஊரில் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்.

சீனர் காப்பிக் கடைக்கு வருவோம். கோப்பித்தியாம் என்பார்கள். இதைப் பெரும்பாலும் தொடங்கியவர்கள் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள். மற்றச் சீனர்களுக்குப் பிந்தி வந்ததால் நல்ல தொழில்களில் இடமில்லாமல், வெள்ளைக்காரத் துரைமார் வீட்டிலும் கப்பலிலும் சமையல்காரர்களாக இருந்து, பிறகு கடை வைத்தவர்கள். சுட்ட ரொட்டியில் வெண்ணெயும் காயாவும் தடவி, அரைவேக்காட்டு முட்டையோடு கொடுக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் காய்ச்சிய இனிப்பு. பழைய சலவைக்கல் மேசை, மேலே சுழலும் மின்விசிறி, ஓரங்களில் ஆளுக்கொரு ஒட்டுக்கடை, அதாவது தள்ளுவண்டி மாதிரிச் சின்னக் கடை. பினாங்கில் சார் கொய்த்தியாவ் என்கிற பிரட்டிய தட்டை அரிசி நூடுல்ஸும், ஆசாம் லக்சா என்கிற மீன் சாற்று நூடுல்ஸும் இந்த மாதிரிக் கடைகளில்தான் நன்றாக இருக்கும். ஆசாம் லக்சா புளிப்பும் மீன் வாடையும் கலந்தது. முதல் வாயில் முகத்தைச் சுளிப்பீர்கள், அடுத்த வாரம் நீங்களே தேடிப் போவீர்கள்.

ஆனால் இங்கேதான் ஒரே மேசை உடைகிறது. பன்றிக்கொழுப்பு புழங்கும் வாணலி பக்கத்தில் இருக்கும் கடைக்கு இன்றைக்கு மலாய் நண்பர்கள் அநேகமாக வரமாட்டார்கள். முன்பு இவ்வளவு கறார் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே சீனர் காப்பி போடுவார், மலாய் அக்கா நாசி லெமாக் விற்பார், தமிழர் ரொட்டி தட்டுவார் என்று எங்கள் அப்பா காலத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். எழுபதுகளுக்குப் பிறகு சமயப் பிடிப்பு கூடியது, ஹலால் சான்றிதழ் வந்தது, கடைகள் தனித்தனியாகப் பிரிந்தன. சரவாக், சபா பக்கம் அந்தப் பழைய கலப்புக் கடைகளை இன்னும் பார்க்கலாம். இதை யாரையும் குறைசொல்ல எழுதவில்லை. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. ஆனால் காணொளியில் வராது என்பதால் சொல்கிறேன்.

எங்கள் கிள்ளானிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. பா குத் தே என்பது பன்றி எலும்பை மூலிகைகளோடு கொதிக்கவைக்கும் சூப்பு. கிள்ளான் துறைமுகக் கூலிகளுக்குத் தெம்பு கொடுத்த சாப்பாடு என்று பேர். 2024 பிப்ரவரியில் அது தேசிய மரபு உணவாக அறிவிக்கப்பட்டதும் பெரிய சர்ச்சை. முஸ்லிம்கள் சாப்பிட முடியாத ஒன்று எப்படித் தேசிய உணவாகும் என்று ஒரு தரப்பு கேட்டது, நாட்டில் ஒரு சமூகம் தலைமுறைகளாகச் சாப்பிடுவது எப்படித் தேசியத்துக்கு வெளியே நிற்கும் என்று மறு தரப்பு கேட்டது. கிள்ளான் கடைகளில் அந்த வாரமும் வழக்கம்போலக் காலை ஆறு மணிக்கே சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

இனி நம்மவர்கள். மலேசியத் தமிழர் சமையலைத் தமிழ்நாட்டுச் சமையல் என்று நினைத்து வந்தால் நாக்கு கொஞ்சம் தடுமாறும். எங்கள் பாட்டன்மார் கங்காணி மூலம் தோட்டங்களுக்கு வந்தவர்கள். அந்த ஆள்சேர்ப்பு 1938-இல் நின்றது. அதற்குப் பிறகு இங்கே கிடைத்ததை வைத்துத்தான் சமையல். நெய்ச்சோற்றில் பாண்டான் இலை போடுவோம். கோழியைக் கிச்சாப் ஊற்றிப் பிரட்டுவோம். பெலாச்சான் என்கிற இறால் கட்டியைச் சுட்டு மிளகாயோடு இடித்த சம்பால் இல்லாமல் சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடே இறங்காது. கோயில் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலிலும் கோயில் காலை அன்னதானத்திலும் பெரிய அண்டாவில் பிரட்டிய சைவ மீகூன் கொடுப்பார்கள். அரிசி சேமியாவைச் சீனப் பாணியில் கிச்சாப் போட்டுப் பிரட்டி, அதன் மேல் நம் கடுகும் கறிவேப்பிலையும். பக்தர்கள் ‘அரோகரா’ சொல்லிவிட்டு அதைத்தான் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுவார்கள். அதே மாதிரி சைவ விருந்துகளில் ‘மட்டன்’ பிரட்டல் என்று ஒன்று வரும். பயப்படாதீர்கள், அது சோயாவில் செய்தது. பௌத்தச் சீனர்களின் விரத உணவுக்காக வளர்ந்த தொழில், வெள்ளிக்கிழமை விரதக்காரத் தமிழர்களையும் சேர்த்து வாழவைக்கிறது.

பினாங்குத் தைப்பூசத்தைத் தவறவிடாதீர்கள். தேர் வரும் வழியில் சாலையில் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். வேண்டுதல் வைத்து, வியாபாரம் நல்லபடி நடந்ததற்கு நன்றியாக, குடும்பத்தோடு வந்து உடைப்பார்கள். காவடி எடுக்கும் சீனர்களையும் பார்க்கலாம். இது சுற்றுலாத் துறைக்காகச் செய்வதல்ல, முருகன் கேட்டதைக் கொடுக்கிறார் என்ற நம்பிக்கை.

விருந்துக்குக் கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டீர்கள். பெருநாள் நேரத்தில் ‘ரூமா தெர்புக்கா’, அதாவது வீட்டைத் திறந்துவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடும் வழக்கம் எல்லா இனத்தவரிடமும் உண்டு. நோன்புப் பெருநாளில் மலாய் நண்பர் வீட்டுக்குப் போனால் கெதுப்பாட் (ஓலையில் கட்டி வேகவைத்த சோறு), லெமாங் (மூங்கிலில் வேகவைத்த சோறு), ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த கறி) இருக்கும். ரெண்டாங் அநேகமாக மாடு. நீங்கள் கேட்கும் முன்னாலேயே வீட்டம்மா ‘இது கோழி, அது மாடு, நீங்கள் இந்தப் பக்கம் எடுங்கள்’ என்று கைகாட்டிவிடுவார். கையால் சாப்பிட்டால் சந்தோஷப்படுவார்கள், வலது கையால். வெறுங்கையோடு போகவேண்டாம், ஆனால் வீட்டில் சமைத்ததையும் கொண்டுபோக வேண்டாம். பழமோ, ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட் டின்னோ போதும். உங்கள் வீட்டுக்கு அவர்களைக் கூப்பிடுவதாக இருந்தால் ஹலால் சமையல்காரரிடம் சொல்லி வரவழைத்துவிடுங்கள், தட்டுகளும் அவரே கொண்டுவருவார். இங்கே தமிழர் கல்யாணங்களிலேயே மலாய் விருந்தினருக்காக அப்படித்தான் செய்கிறோம், யாரும் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை.

சீனப் புத்தாண்டுக்குப் போனால் ஈ சாங் என்ற மீனும் காய்கறியும் கலந்த தட்டைச் சுற்றி நின்று எல்லோரும் சாப்ஸ்டிக்கால் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். எவ்வளவு உயரம் தூக்குகிறீர்களோ அவ்வளவு அதிர்ஷ்டமாம். மேசையெல்லாம் சிதறும், பரவாயில்லை. கல்யாணமாகாத உங்களுக்கு ‘அங் பாவ்’ கிடைக்கும், சிவப்பு உறையில் பணம். இந்த உறை வழக்கத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டோம். நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறை, தீபாவளிக்கு ஊதாவோ மஞ்சளோ. தீபாவளியன்று பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகள் முறுக்குக்கும் உறைக்கும் சேர்த்தே கதவைத் தட்டும்.

நேரம் கிடைத்தால் ஒரு சனி ஞாயிறு மலாக்கா போய்வாருங்கள். காஜா பெராங் பக்கம் கம்போங் செட்டி என்ற சின்னக் குடியிருப்பில் மலாக்காச் செட்டிகள் இருக்கிறார்கள். மலாக்கா சுல்தானகக் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது மலாய்ப் பாணிக் கெபாயாச் சட்டை, கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். 1781-இல் அவர்கள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நகரத்தின் நடுவில் இருக்கிறது, நிர்வாகம் நகரத்தாருடையது. போகிப் பண்டிகையன்று முன்னோருக்கு வாழை இலை விரித்துப் படையல் போடுவார்கள், ‘பர்ச்சு’ என்று பேர். இலையில் நாசி லெமாக்கும் சம்பாலும் மலாய்ப் பலகாரங்களும் இருக்கும். மொழி போய்விட்டது, இலையும் படையலும் தேதியும் போகவில்லை. தமிழ் போனால் எல்லாம் போய்விடும் என்று கூட்டங்களில் முழங்குகிறவர்களுக்கு இந்த ஊர் பதில் சொல்ல முடியாத ஒரு சங்கடம். எனக்குமே அங்கே போனால் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாது.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். மாமாக் கடையில் ரொட்டி தட்டும் பையன் இன்று அநேகமாகத் தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வேலை அனுமதியில் வந்தவன். உள்ளூர்ப் பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை. பினாங்கு மாநிலம் 2016-இலிருந்து ஒட்டுக்கடைகளில் உள்ளூர் உணவுகளை வெளிநாட்டவர் சமைக்கக்கூடாது என்று தடை போட்டது, ருசி கெட்டுவிடும் என்ற பயத்தில். அந்த உணவுகளைக் கொண்டுவந்தவர்களும் ஒரு காலத்தில் வெளிநாட்டவர்தானே என்று எனக்குத் தோன்றும். அது போகட்டும். வேலைக்கு வந்த அந்தப் பையன்களிடம் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும், ரொட்டியும் கொஞ்சம் பெரிதாக வரும்.

கடைசியாக அம்மா. தாராளமாக வரட்டும், பினாங்கு சைவர்களுக்குக் கஷ்டமான ஊர் இல்லை. லிட்டில் இந்தியாவில் சைவச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. சீனர் சைவக் கடைகளும் நிறைய, வெங்காயம் பூண்டுகூடப் போடாதவை பல இருக்கும், ஆனால் முட்டை போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீனரின் ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழா, சீன ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள், பல வருடங்களில் நம் நவராத்திரியோடு ஒட்டியே வரும். அப்போது மஞ்சள் கொடி கட்டிய சைவ ஒட்டுக்கடைகள் தெருவுக்குத் தெரு முளைக்கும். வருவதென்றால் அந்தச் சமயம் பார்த்துக் கூட்டிவாருங்கள்.

எச்சரிக்கையாக இருக்கவேண்டியது மற்றக் கடைகளில். ‘சாயூர்’ என்று கேட்டால் காய்கறி வரும், ஆனால் அதில் பெலாச்சானோ நெத்திலியோ இருக்கும். கங்கோங் கீரையைப் பச்சையாகப் பளபளவென்று பார்த்து ஏமாறவேண்டாம். ரொட்டி சானாய் சொன்னால் பருப்போடு ஒரு கரண்டி மீன் குழம்பையும் கேட்காமலேயே ஊற்றிவிடுவார்கள், அதனால் ‘டால் மட்டும்’ என்று தமிழிலேயே அழுத்திச் சொல்லுங்கள். நாசி லெமாக்கில் சம்பால் இல்லாமல் வாங்குவதில் அர்த்தமே இல்லை, விட்டுவிடுங்கள். இடியாப்பம் கிடைக்கும், புத்து மாயாம் என்பார்கள், மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு நம்மவர்கள்தான் விற்பார்கள். ஆனால் குருமாவோ தேங்காய்ப்பாலோ தேடவேண்டாம். துருவிய தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும்தான் கூட வரும். அம்மாவுக்கு அது பிடித்துப்போனால் நீங்கள் சீக்கிரம் எழுந்துகொள்ளவேண்டியிருக்கும், எட்டரைக்கெல்லாம் பெட்டி காலியாகிவிடும்.